குறைந்த கிலோமீட்டர் ஓடிய பழைய சொகுசு எஸ்யூவி: வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு ஆண்டுகளுக்கு முன் பதிவான போர்ஷே கயென் டர்போ, ஒரே உரிமையாளர், ஓடியது 9,400 கிலோமீட்டர் என்று ஒரு விளம்பரம் வந்தால், பார்ப்பவரின் கண் முதலில் அந்தக் கடைசி எண்ணில்தான் நிற்கும். 2018 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை கயெனின் உச்ச மாடல் அது. 4 லிட்டர் வி8 இரட்டை டர்போ எஞ்சின், 550 குதிரைத்திறன், அறிமுகத்தின்போது ஷோரூம் விலை ஏறத்தாழ 1.9 கோடி ரூபாய். அப்படிப்பட்ட கார் பாதி விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட ஓடாமலேயே கிடைக்கிறது என்றால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த எண்ணை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். மாதம் 130 கிலோமீட்டர், நாளுக்கு நான்கு கிலோமீட்டர் சொச்சம். இந்தக் கார் இத்தனை ஆண்டுகளும் எங்கே, எப்படி இருந்தது என்பதுதான் நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

குறைந்த கிலோமீட்டர் என்பது காரின் தரம் அல்ல, விற்பவரின் கூற்று. அது உண்மையாக இருக்கலாம், திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும், ஓடாமல் நின்ற கார் நல்ல கார் என்று ஆகிவிடாது. ஆண்டுதோறும் தவறாமல் சர்வீஸ் செய்யப்பட்டு 45,000 கிலோமீட்டர் ஓடிய கயெனையும், ஆண்டுக்கணக்கில் பேஸ்மென்ட்டில் உறைபோட்டு நின்ற 9,000 கிலோமீட்டர் கயெனையும் ஒரே விலைக்கு என் முன் நிறுத்தினால், நான் தயங்காமல் முதலாவதையே எடுப்பேன். கீழே சொல்லும் வரிசையில் போனால் காகிதங்களை வைத்துச் செய்யும் செலவில்லாத சோதனைகள் முதலில் முடிந்துவிடும், பணம் செலவாகும் சோதனைக்குத் தகுதியான கார் மட்டுமே போகும்.

முதல் படி: காரைப் பார்க்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

விற்பவரிடம் பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ தேடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், எந்த ஆர்டிஓ, உற்பத்தி மாதம், கடன் அடமானம் உள்ளதா, இன்சூரன்ஸ் எதுவரை, கறுப்புப் பட்டியலில் உள்ளதா ஆகிய விவரங்கள் அங்கே கிடைக்கும். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இந்தச் சலான்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. சென்னை எண் கொண்ட, நகரை விட்டு வெளியே போகவே இல்லை என்று சொல்லப்படும் காருக்கு வெளிமாநில நெடுஞ்சாலைகளில் நான்கைந்து அதிவேக அபராதங்கள் இருந்தால், அந்தப் பேச்சு அங்கேயே உடைந்துவிடும்.

அடுத்து விற்பவரின் ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். காரை உண்மையில் ஓட்டாதவருக்கு அதைக் காட்டுவதில் எந்தச் சிரமமும் இருக்காது. சுங்கச்சாவடிகளைக் கடந்த தேதிகளும் இடங்களும் அதில் வரிசையாக இருக்கும். சென்னை–பெங்களூரு போய்வந்தாலே 700 கிலோமீட்டர் ஆகிவிடும் என்பதால், அத்தகைய பயணங்களைக் கூட்டினாலே ஓடோமீட்டர் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாமல் கேட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எண் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். நடுவில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ரசீதே இல்லையென்றால் ஒன்று அந்தக் காலத்தில் கார் கவனிப்பாரற்று நின்றிருக்கும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வெளியே எங்கோ வேலை நடந்திருக்கும். இரண்டுமே விளக்கம் தேவைப்படும் விஷயங்கள். “வண்டி ஓடவே இல்லை, அதனால் சர்வீஸ் தேவைப்படவில்லை” என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் பதில். அதை ஏற்காதீர்கள். எண்ணெயும் பிரேக் திரவமும் கிலோமீட்டரை மட்டும் வைத்து மாற்றப்படுவதில்லை, காலத்தை வைத்தும் மாற்றப்படுகின்றன. பிரேக் திரவத்துக்கு ஏறக்குறைய எல்லா ஐரோப்பிய நிறுவனங்களும் வைத்திருக்கும் கெடு இரண்டு ஆண்டுகள்தான்.

இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ‘நோ கிளெய்ம் போனஸ்’ சதவீதம் ஒரு சிறிய சாட்சி. கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20, பிறகு 25, 35, 45, ஐந்தாவது ஆண்டில் 50 என்று அது ஏறும். ஒரே உரிமையாளரின் ஆறு ஆண்டுக் காருக்கு 20 சதவீதம்தான் இருக்கிறது என்றால், அண்மையில் ஒரு கிளெய்ம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அது எதற்காக என்று கேட்டு, சர்வேயரின் அறிக்கையையும் பில்லையும் வாங்கிப் பாருங்கள். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் கிளெய்முக்குப் பிறகும் சதவீதம் குறையாது என்பதால், 50 இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது.

கார் இந்தியாவுக்கு எப்படி வந்தது என்பதிலும் கவனம் தேவை. போர்ஷே எஸ்யூவிகளின் சேசிஸ் எண் ‘டபிள்யூபி1’ என்று தொடங்கும், பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் குறிக்கும், ‘கே’ என்றால் 2019. அந்த எண் ஆர்சி, கண்ணாடிக்குக் கீழுள்ள தகடு, கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர், கணினியில் வரும் எண் ஆகிய எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் அந்த நிறுவனமே விற்காத மாடலாக இருந்தால் சுங்க வரி கட்டிய ஆவணங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை, பூடான் வழியாக வந்து வேறு மாநிலங்களில் பதிவான எஸ்யூவிகளைத் தேடிப் பறிமுதல் செய்தபோது, அவற்றை வாங்கி வைத்திருந்தவர்களின் வாசலுக்குத்தான் அதிகாரிகள் வந்தார்கள்.

இரண்டாம் படி: காரின் கணினியிடம் கேளுங்கள்

முகப்பில் தெரியும் எண்ணைத் திருத்துவது இன்று கடினமான வேலையல்ல. ஆனால் இந்த வகைக் கார்களில் ஓடிய தூரம் ஒரே இடத்தில் மட்டும் பதிவாவதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கான கட்டுப்பாட்டு அலகுகளிலும், பிஎம்டபிள்யூ போன்ற சிலவற்றில் சாவியிலும்கூட அதன் தடயம் இருக்கும். எல்லாவற்றையும் திருத்தும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

இதைப் படிக்க, பிழைக் குறியீடுகளைக் காட்டும் சாதாரண ஓபிடி கருவி போதாது. போர்ஷேக்கு ‘பீவிஸ்’, பிஎம்டபிள்யூவுக்கு ‘இஸ்டா’, மெர்சிடிஸுக்கு ‘எக்ஸென்ட்ரி’, ஆடிக்கு ‘ஓடிஸ்’ என்று நிறுவனத்தின் சொந்த மென்பொருள் தேவை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டி, வாங்குவதற்கு முந்தைய சோதனை என்று கேட்டால் செய்து தருவார்கள். அதற்கு விற்பவர் மறுத்தால், எவ்வளவு இனிமையாக மறுத்தாலும், அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

அந்தச் சோதனையில் மூன்று விவரங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பழைய பிழைக் குறியீடுகள் எந்தக் கிலோமீட்டரில் பதிவாயின என்பது ஒன்று. முகப்பில் 9,400 காட்டும் காரில் ஒரு பிழை 31,000-ஆவது கிலோமீட்டரில் பதிவாகியிருந்தால் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. பிழைகள் கடைசியாக எப்போது அழிக்கப்பட்டன என்பது இன்னொன்று. நேற்று அழிக்கப்பட்டிருந்தால் எஞ்சினின் சுயசோதனைகள் முடிவடையாத நிலையில் இருக்கும், அதைச் சாதாரணக் கருவியே காட்டிவிடும். எதையோ மறைத்துத்தான் காரை உங்கள் முன் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அப்போது கொள்ளலாம்.

மூன்றாவது விவரத்தைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை, ஆனால் நம் ஊருக்கு அதுதான் மிக முக்கியமானது. எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற கணக்கு அது. ஓடிய தூரத்தை இந்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். சென்னை நெரிசலில் ஓடும் காருக்கு மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வரை வருவது இயல்பு. அந்தக் கணக்கில் 9,400 கிலோமீட்டருக்கு 400 மணி நேரம் அளவில் இருக்க வேண்டும். 1,300 மணி நேரம் என்று வந்தால் சராசரி மணிக்கு ஏழு கிலோமீட்டர்தான். அதற்கு இரண்டு விளக்கங்களே உண்டு. ஓடோமீட்டர் திருத்தப்பட்டிருக்கிறது, உண்மையில் கார் 30,000-க்கும் மேல் ஓடியிருக்கிறது என்பது ஒன்று. மற்றது இன்னும் பரவலானது: உரிமையாளர் அலுவலகத்திலோ கல்யாண மண்டபத்திலோ இருக்கும் நேரமெல்லாம் டிரைவர் ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்திருக்கிறார். ஓடோமீட்டர் நகராது, ஆனால் எஞ்சின் தேயும், எண்ணெய் கெடும், காற்றோட்டமில்லாத பானெட்டுக்குள் வெப்பம் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வாட்டும். கயென் டர்போவின் வி8 எஞ்சினில் இரண்டு டர்போக்களும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலேயே அமர்ந்திருப்பதால், நின்ற இடத்தில் ஓடும்போது அந்த வெப்பம் போக வழியின்றித் தேங்குகிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம், எக்ஸ்6 எம் கார்களின் 4.4 லிட்டர் எஞ்சினும் அதே அமைப்புதான். நீண்ட நேரம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது அவற்றின் பின்னால் நீலப் புகை வந்தால், வால்வு சீல்கள் காய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: உடலும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா

பகல் வெளிச்சத்தில், கழுவி மெருகேற்றாத நிலையில் காரைப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையின் வெளி விளிம்பு, அதாவது ஏறி இறங்கும்போது உடல் உரசும் பக்கம், 10,000 கிலோமீட்டரில் மடிந்து பளபளக்கக் கூடாது. ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடத்தின் தோல், பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டார்ட் செய்யும் திருகு, ஓட்டுநரின் சீட் பெல்ட்டின் ஓரம் ஆகியவையும் அப்படியே. நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும் நகரக் காரில் இருக்கை மட்டும் சற்று முன்பே தேயலாம் என்பதால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். முன் பம்பரிலும் கண்ணாடியிலும் கல் தெறித்த புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அது நெடுஞ்சாலை கண்ட கார்.

டயர்கள் நிறையச் சொல்லும். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2019-இல் தயாரான, 9,400 கிலோமீட்டரே ஓடிய காரில் அதே காலத்து டயர்கள் இருந்தால் எண் உண்மையாக இருக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்த டயர்களை உடனே மாற்ற வேண்டும் என்பதும் அதோடு வருகிறது. 250 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடிய, இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள காரில் ஆறு வயது கடந்த ரப்பரை நம்பக் கூடாது. புதிய டயர்கள் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். வயதானதால் மாற்றினோம் என்று ரசீதோடு சொன்னால் பாராட்ட வேண்டிய உரிமையாளர். ரசீது இல்லையென்றால் பழையவை தேய்ந்துதான் போயிருக்க வேண்டும். போர்ஷே அங்கீகரித்த டயர்களில் ‘என்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும், பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறியும் இருக்கும். கயென் டர்போவுக்கு 21 அங்குலத்தில் முன்னும் பின்னும் வெவ்வேறு அகலத்தில் வரும் டயர்களின் விலை நான்குக்கும் சேர்த்து லட்சத்தைத் தாண்டும் என்பதால், விலை பேசும்போது இது சில்லறை விஷயமல்ல.

பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரலை ஓட்டி, படி போலத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது பழைய, நல்ல வழி. ஆனால் கயென் டர்போவில் அது முழுதாக உதவாது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகமான காலிப்பர் வெள்ளையாக இருந்தால் அந்த டிஸ்க்குகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு பூச்சு உண்டு. அவை கண்ணாடி போல் பளபளக்கும், துரு ஏறாது, மெதுவாகத்தான் தேயும். மஞ்சள் காலிப்பர் என்றால் செராமிக் பிரேக், மாற்றினால் பல லட்சம். அதன் தேய்மானத்தை அளப்பதற்கு உரிய கருவியோடு சர்வீஸ் சென்டரில்தான் பார்க்க வேண்டும்.

பெயின்ட் தடிமன் அளவி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 180 மைக்ரான். 300-ஐத் தாண்டினால் அங்கே பட்டி பார்த்து மறுபூச்சு நடந்திருக்கும். இந்தத் தலைமுறைக் கயெனின் வெளித்தகடுகள் அலுமினியம் என்பதால் இரும்பை மட்டும் அளக்கும் மலிவுக் கருவி இங்கே எதையும் காட்டாது, இரண்டு உலோகங்களையும் அளப்பது வேண்டும். சொகுசுக் கார்களில் இப்போது வழக்கமாகிவிட்ட பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் அது மட்டுமே 150 முதல் 200 மைக்ரானைக் கூட்டிக் காட்டும். எனவே எண்ணைவிட, இடத்துக்கு இடம் அது எப்படி மாறுகிறது என்பதையே பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிப்பது

தமிழ்நாட்டில் கார் வாங்கும் எவரும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பேஸ்மென்ட் பார்க்கிங்குகளில் நின்ற கார்கள் கூரைவரை மூழ்கின. பேஸ்மென்ட்டில் நெடுநாள் நிற்பது யாருடைய கார்? குறைவாக ஓடும் சொகுசுக் கார்தான். ‘டோட்டல் லாஸ்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதித் தள்ளி ஏலம் விட்ட கார்கள் பழுது பார்க்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவது நடக்கிற காரியம். அவற்றின் கிலோமீட்டர் உண்மையாகவே குறைவாக இருக்கும் என்பதுதான் ஆபத்து.

சீட் பெல்ட்டை அது நிற்கும் வரை முழுதாக வெளியே இழுத்து, வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் கடைசி முழத்தைப் பாருங்கள். சேற்று நீர் ஏறிய கோடு அங்கே அழியாமல் இருக்கும். முன் இருக்கைகளை முழுதாகப் பின்னால் தள்ளி, அடியில் உள்ள தண்டவாளங்களின் போல்ட்டுகளையும் மின்கம்பி இணைப்பிகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட்டில் துருவும் இணைப்பிக்குள் பச்சைப் பூப்பும் இருந்தால், மேலே எவ்வளவு வாசனைத் தெளிப்பான் அடித்திருந்தாலும் அது நீர் கண்ட கார். கால் மிதியைத் தூக்கிவிட்டுக் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள், அதன் அடியில் உள்ள தடித்த நுரை ஈரத்தை மாதக்கணக்கில் விடாது. டிக்கியின் தரையடிக் குழியையும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: நின்றதால் வந்த சேதம்

கிலோமீட்டர் உண்மை என்று தெளிந்த பிறகு, காரின் வயதைப் பார்க்கத் தொடங்குங்கள். ரப்பர் குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ்கள், எண்ணெய் சீல்கள், கதவு ரப்பர்கள் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நம் வெயிலில் காயும். ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் எஸ்விஆரின் 5 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு எஞ்சினில் உள்ள பிளாஸ்டிக் கூலண்ட் குழாய்கள் வெப்பத்தாலும் வயதாலும் உடையக்கூடியவை என்பது அதை வைத்திருப்போர் எல்லோரும் அறிந்தது. தொட்டியில் பல மாதம் கிடந்த பெட்ரோல் பிசினாகும். அதில் எத்தனால் கலந்திருந்தால் ஈரத்தையும் இழுக்கும்.

கயென் டர்போவில் ஏர் சஸ்பென்ஷன் உண்டு, அதாவது காரைத் தாங்குவது காற்றுப் பைகள். மாலையில் காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில், கதவைத் திறக்காமல், மீண்டும் அளங்கள். கதவைத் திறந்தால் கம்ப்ரசர் விழித்து உயரத்தைச் சரிசெய்துவிடக்கூடும். ஒரு மூலை மட்டும் விரற்கடை அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அங்கே காற்றுப் பை கசிகிறது. விற்பவர் ஓர் இரவு இடைவெளி தர ஒப்பவில்லையென்றால், காலையில் போய் நின்ற நிலையிலேயே நான்கு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். நின்ற காருக்கு நம் ஊரில் முதல் எதிரி எலி. புழுக்கை, தேங்காய் நார், துணிக் கிழிசல், கடித்த வயர் உறை ஆகியவற்றில் எது தென்பட்டாலும், வயரிங் முழுவதையும் பார்த்த பிறகே அடுத்த பேச்சு. இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றிய வயர் இந்த விலையுள்ள காரில் இருக்கவே கூடாது. பேட்டரியின் வயதையும் கேளுங்கள். வலுவிழந்த பேட்டரி, தொடர்பே இல்லாத பத்துப் பிழைகளைத் திரையில் காட்டும் என்பதால், அதை மாற்றிவிட்டுச் சோதிப்பதே நியாயம்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பார்த்தல்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் முதல் சில நொடிகளில் எழுப்பும் சங்கிலிச் சத்தமும் புகையும், சூடான பிறகு ஒளிந்துகொள்ளும்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற ஒன்றில் குறைந்தது நாற்பது நிமிடமாவது ஓட்டுங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது கார் விட்டுவிட்டுத் துள்ளினால் எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் தலைமுறைக் கயென்களில் இது பேர்போன பிரச்சினை. 80 முதல் 100 வேகத்தில் வரும் அதிர்வு, நின்றே இருந்ததால் தட்டையான டயரின் அடையாளமாக இருக்கலாம். சூடேறியதும் மறைந்தால் பரவாயில்லை, மறையாவிட்டால் டயர் மாற வேண்டும். கயென் டர்போவின் கூரைப் பின்முனையில் உள்ள ஸ்பாய்லர் பட்டனை அழுத்தினால் எழ வேண்டும். பயன்படாமல் கிடக்கும் மோட்டார்கள்தான் முதலில் இறுகும் என்பதால், சன்ரூஃப், மின்சார டிக்கி, எல்லாக் கதவுக் கண்ணாடிகள், சஸ்பென்ஷனின் எல்லா உயரங்கள் என்று ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள்.

ஆறாம் படி: விலை

குறைந்த கிலோமீட்டருக்காகக் கூடுதல் விலை கேட்பார்கள். ஆண்டுக்கு ஒரு ரசீது, கணினிப் பதிவு, இயங்கிய நேரம் மூன்றும் ஒத்துப்போகும் காருக்கு அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். கிலோமீட்டர் உண்மை ஆனால் பராமரிப்பு இல்லை என்றால், இயல்பாக ஓடிய அதே வயதுக் காரின் விலையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து டயர், பேட்டரி, எல்லாத் திரவங்கள், காய்ந்த ரப்பர் பாகங்கள் ஆகியவற்றுக்கு சர்வீஸ் சென்டர் எழுத்தில் தரும் மதிப்பீட்டைக் கழியுங்கள். மதிப்பீட்டுத் தாளை மேசையில் வைத்துப் பேசினால் வாக்குவாதமே வராது. நிறுவனமே சான்றளித்து விற்கும் கார்கள், உதாரணமாக போர்ஷேயின் 111 அம்சச் சோதனை கடந்தவை, விலை கூடுதல்தான். இந்த வகைக் காரில் வாரன்டிக்காக அந்தக் கூடுதலைக் கொடுப்பது வீண் என்று நான் நினைக்கவில்லை.

வெளிமாநிலக் கார் மலிவாகத் தெரிந்தால் வரியைச் சேர்த்துப் பாருங்கள். டில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் குறித்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலும் உச்ச நீதிமன்றம் 2018-இலும் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பின், அங்கிருந்து வயதான சொகுசுக் கார்கள் தெற்கே நிறைய வந்தன. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பிற மாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும். ஆனால் கணக்கிடுவது நீங்கள் கொடுத்த விலையின் மேல் அல்ல, காரின் அசல் விலையின் மேல். ஒன்றே முக்கால் கோடி, இரண்டு கோடிக்கு விற்ற காருக்கு அது பெரிய தொகை. முன்பணம் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். புதுச்சேரிப் பதிவு என்றால் அந்த முகவரி மெய்யானதா என்று பாருங்கள். அங்கே போலி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்து கேரளத்தில் ஓட்டிய விவகாரம் 2017-இல் வழக்குகள் வரை போனது.

ஏழாம் படி: ஒப்பந்தமும் பெயர் மாற்றமும்

விற்பனை ஒப்பந்தத்தில் சேசிஸ் எண், எஞ்சின் எண், அன்றைய ஓடோமீட்டர் எண், அது திருத்தப்படாதது என்ற விற்பவரின் உறுதிமொழி, தவறென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இருந்தால், பின்னால் மோசடிப் புகார் கொடுக்கவோ, டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவோ கையில் பிடிமானம் இருக்கும். கார் கைமாறிய தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள்.

கடன் நிலுவையில் இருந்தால் அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் வங்கியின் கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தி, வங்கியின் தடையில்லாச் சான்றையும், ஆர்சியில் உள்ள அடமானத்தை நீக்குவதற்கான படிவம் 35-ஐயும் பெறுங்கள். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எனவே முழுப் பணமும் வங்கி வழியாகவே போகட்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலம் என்றால் படிவம் 28-இன் கீழ் தடையில்லாச் சான்றும் தேவை. மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்குபவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாட்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது. அதனால் பிரீமியம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அவர் ஆர்டிஓ அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவரிடம் கார் ஒப்படைக்கப்பட்டதும் உரிமையாளருக்குரிய பொறுப்பு அவர்மேல் வந்துவிடுகிறது.

எட்டாம் படி: வாங்கிய முதல் மாதங்கள்

எப்போது மாற்றினார்கள் என்ற பேச்சே இல்லாமல் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் திரவம், கூலண்ட் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். ஆறேழு வயதைத் தாண்டிய காரில் கியர்பாக்ஸ் எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வகைக் கார்கள் பலவற்றில் உள்ள எட்டு வேக இசட்எஃப் கியர்பாக்ஸைத் தயாரிக்கும் நிறுவனமே எண்ணெய் மாற்றத்துக்குக் கிலோமீட்டரோடு எட்டு ஆண்டு என்ற கெடுவையும் சொல்கிறது. தொட்டியில் உள்ள பழைய பெட்ரோலை எடுத்துவிட்டு உயர் ஆக்டேன் பெட்ரோலை நிரப்புங்கள். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி100 பெருநகரங்களில் கிடைக்கிறது.

பல ஆண்டுகள் நின்ற எஞ்சினிடம் முதல் நாளே முழு வேகத்தைக் கேட்காதீர்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்கு மிதமாக ஓட்டி, பிறகு எண்ணெய் அளவையும் கூலண்ட் அளவையும் பாருங்கள், காரை உயர்த்தி அடிப்பக்கத்தில் புதிய கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், கணினியை மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். காய்ந்திருந்த சீல்கள் கசியத் தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வாரன்டி இருந்தால் அதைத் தேதியோடு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையேனும் எஞ்சின் முழுச் சூடாகும்வரை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஊருக்குப் போகும் நாட்களில் பேட்டரி பராமரிப்பு சார்ஜரை இணைத்துவிட்டுச் செல்லுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் வழக்கத்தை மட்டும் வாட்ச்மேனிடமோ டிரைவரிடமோ ஒப்படைக்காதீர்கள், அது எண்ணெயில் ஈரத்தையும் பெட்ரோலையும் சேர்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது.